யாருடைய முஷ்டி? தராசு இல்லாத சாப்பாட்டு மேசையில் நேர்ந்த ஒரு பிழை

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் 58 வயது ஆண். 14 ஆண்டுகளாக அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. ஒன்றரை ஆண்டாக இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியின் அளவை, தட்டில் இருக்கும் மாவுச்சத்துதான் தீர்மானிக்கிறது. அவருடைய மருத்துவர் வகுத்திருந்த கணக்கு 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட். அது அவருக்கு மட்டுமே உரிய எண், இன்னொருவருக்குப் பொருந்தாது.

வீட்டில் இதில் சிக்கல் எழவில்லை. சமையலறையில் மின்னணுத் தராசு இருந்தது. மனைவி எடை போட்டுச் சொல்வார், இவர் மனக்கணக்காகவே யூனிட்டைச் சொல்லிவிடுவார். சமைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, சமைத்த பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் 150 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.2 சதவீதம்.

பிறகு வேலை நிமித்தமாக ஆறு மாதம் வெளியூரில் தங்க வேண்டிவந்தது. விடுதி அறை, பொது உணவுக்கூடம். முதல் நாள் பையிலிருந்து வேறொரு தராசை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் தராசு அறையிலேயே தங்கிவிட்டது. "கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் அளக்க ஒரு வழி சொல்லுங்கள், மேடம்" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டார்.

நான் உணவு ஆலோசகர். இந்த ஆய்வில் முதல் தவறு என்னுடையது.

கொடுக்கப்பட்ட வழி

என்னிடம் ஒரு பக்கப் பட அட்டை தயாராக இருந்தது. பலருக்கும் கொடுத்து வந்ததுதான். மூடிய முஷ்டி ஒரு கோப்பை, குழித்த உள்ளங்கை அரைக் கோப்பை, விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை மட்டும் சுமார் 100 கிராம் இறைச்சி அல்லது மீன், கட்டைவிரல் ஒரு மேசைக்கரண்டி, அதன் நுனிக்கணு ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பைச் சோறு சுமார் 160 கிராம், அதாவது 45 கிராம் மாவுச்சத்து. படத்தை அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் விளக்கினேன். "புரிந்ததா?" என்றேன். "புரிந்தது" என்றார். இருவருமே உண்மையைத்தான் சொன்னோம்.

கை எப்போதும் உடன் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உயரமானவரின் கை பெரிது, அவருக்கு வேண்டிய உணவும் அதிகம். ஆகவே கைக்கணக்கு ஆளுக்கேற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றும் சொல்வார்கள். எடையைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவருக்கு இந்த வாதம் நன்றாகவே பொருந்தும். ஊசி போடுபவருக்குப் பொருந்தாது. அவருக்கு வேண்டியது தன் உடம்புக்குத் தக்க சோறு எவ்வளவு என்பதல்ல, தட்டில் இருப்பது எத்தனை கிராம் என்பது. இந்த வேறுபாட்டை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் மூன்று வாரங்கள்

மதியச் சாப்பாடு அநேகமாக ஒரே மாதிரிதான் இருந்தது: ஒரு முஷ்டி சோறு, குழித்த கையளவு பருப்பு, காய். சோற்றுக்கு 45, பருப்புக்கு 20, மொத்தம் 65 கிராம் என்று கணக்கிட்டு 7 யூனிட் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 240, 255, 228 என்று வந்தது. இரவிலும் அதே கதை. காலையில் மட்டும் ரொட்டித் துண்டுகள். அவற்றை எண்ணிச் சாப்பிட்டதால் காலை எண்கள் ஒழுங்காகவே இருந்தன.

இந்தக் காலை வேளைதான் மிக முக்கியமான தடயம். குறிப்பேட்டில் மூன்று வாரமும் கண் முன்னால் கிடந்தது. எண்ணக்கூடிய உணவில் கணக்கு சரி, கண்ணால் மதிப்பிடும் உணவில் மட்டும் பிசகு. அதை நானும் படிக்கவில்லை, மருத்துவரும் படிக்கவில்லை.

நான்காம் வாரம்: விகிதம் மாறியது

மருத்துவர் தொலைபேசியில் எண்களைக் கேட்டார். புதிய ஊர், நடை குறைவு, வேலை அழுத்தம் எல்லாம் சேர்ந்து இன்சுலினின் பலனைக் குறைத்திருக்கலாம் என்று கருதினார். நியாயமான ஊகம்தான். "சாப்பாட்டு அளவு மாறியதா?" என்று கேட்கவும் செய்தார். "இல்லை, அட்டையில் உள்ளபடிதான்" என்றார் இவர். மதியத்துக்கும் இரவுக்கும் விகிதத்தை 7 கிராமுக்கு 1 யூனிட் என்று மருத்துவர் மாற்றினார். அதே 65 கிராமுக்கு இப்போது 9 யூனிட்.

இரண்டே நாளில் எண்கள் 150க்கும் 170க்கும் இடையில் வந்து நின்றன. எல்லோருக்கும் நிம்மதி. எண் சரியாகிவிட்டால் அதன் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. உண்மையில் நடந்தது என்னவென்றால், அளவில் இருந்த தவறு மருந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கைக்கணக்கும் தவறு, விகிதமும் தவறு. இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருந்தன.

ஏழாம் வாரம்: வீட்டில் ஒரு மதியம்

நான்கு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தார். வீட்டுத் தராசு பழைய இடத்திலேயே இருந்தது. மனைவி வழக்கம்போல எடை போட்டார்: சோறு 150 கிராம், பருப்பு 100 கிராம். மாவுச்சத்து 42ம் 20ம் சேர்ந்து 62. தட்டைப் பார்த்தவர், "என்ன, இவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறார். "எப்போதும் போடுவதுதானே, நீங்கள்தான் வெளியூரில் நன்றாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டீர்கள்" என்றாராம் மனைவி. இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் முழு விடையும் இருந்தது.

புதிய விகிதப்படி 62 கிராமுக்கு 9 யூனிட் போட்டார். பழைய விகிதத்தில் 6 போதும். சாப்பிடும் முன் சர்க்கரை 132.

இரண்டரை மணி நேரம் கழித்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதாக உணர்ந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியதை மனைவிதான் முதலில் பார்த்தார். விரலில் குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

மனைவி பதறவில்லை. தலைதட்டிய நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் 76. பிறகு ஒரு துண்டு ரொட்டி. அரை மணி நேரத்தில் பேச்சும் நிறமும் திரும்பின. இங்கே யாரும் குறை சொல்ல எதுவும் இல்லை. விரைவில் கரையும் மாவுச்சத்து 15 கிராம், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை என்ற பாடத்தை அவர் எழுத்து பிசகாமல் செய்திருந்தார்.

அன்று மாலையே மருத்துவர் விகிதத்தைப் பழையபடி 10க்கு 1 என்று மாற்றினார். மறுநாள் இருவரும் என்னிடம் வந்தார்கள்.

கையை அளந்தோம்

அவரை எதையும் விளக்கச் சொல்லவில்லை. "உங்கள் ஒரு முஷ்டி சோற்றைப் போட்டுக் காட்டுங்கள்" என்றேன். போட்டார். எடை 242 கிராம். அட்டைக் கணக்கில் 160 இருக்க வேண்டும்.

சோற்றை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி அகலமான தட்டில் வைத்தேன். முஷ்டியை மூடி, மணிக்கட்டு மடிப்பு வரை மெதுவாக அமிழ்த்தச் சொன்னேன். வழிந்த தண்ணீரை எடை போட்டோம். தண்ணீரில் ஒரு கிராம் என்பது ஒரு மில்லிலிட்டர் என்பதால் வேறு கணக்கே தேவையில்லை. 368 வந்தது. மனைவியின் முஷ்டி 236. விளையாட்டாக என் கையையும் விட்டேன்: 250.

அட்டையில் இருந்த கை யாருடையது என்று அப்போது தெரிந்துவிட்டது. ஒரு கோப்பை என்பது அமெரிக்கக் கணக்கில் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கணக்கில் 250. அது என் கைக்கும் அவர் மனைவியின் கைக்கும் பொருந்தும். அவருடைய கைக்கு ஒன்றரைக் கோப்பை. ஒரு முஷ்டிக்கு 45 கிராம் மாவுச்சத்து என்று அவர் எழுதிவைத்த ஒவ்வொரு வேளையும் உண்மையில் 68 கிராம். குழித்த கையும் அப்படித்தான்: பருப்பை எடை போட்டால் 150 கிராம், மாவுச்சத்து 30. ஆக, 65 என்று நினைத்த சாப்பாடு 98. தேவைப்பட்டது 10 யூனிட், போட்டது 7. அவருக்கு ஒரு யூனிட் சுமார் 35 மில்லிகிராம் இறக்கும்; மூன்று யூனிட் குறைந்தால் நூறு மில்லிகிராம் ஏறும். 150 இருக்க வேண்டிய இடத்தில் 250 வந்ததற்கு இதைவிட நேரான விளக்கம் இருக்க முடியாது.

மனைவி தன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வீட்டில் பரிமாறுவது நான். என் கை எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லையே" என்றார். கேட்டிருக்க வேண்டும்.

கண்ணின் தவறுகள்

கை ஒன்றுதான் காரணமா என்று பார்க்க அதே சோற்றை வெவ்வேறு தட்டுகளில் போடச் சொன்னேன். 20 சென்டிமீட்டர் தட்டில் அவருடைய "ஒரு முஷ்டி" 225 கிராம். 28 சென்டிமீட்டர் தட்டில் 270. உணவுக்கூடத்துத் தட்டு பெரியது என்றார். இரு தட்டுகளின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. பெரிய வட்டத்துக்குள் வைத்த சிறு வட்டம் இன்னும் சிறிதாகத் தெரியும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே பெல்ஜிய அறிஞர் ஜோசஃப் டெல்பஃப் விவரித்திருக்கிறார். வெறும் கோடுகளாக வரைந்த வட்டங்களிலேயே அப்படி என்றால், பசியோடு பார்க்கும் சோற்றில் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் குவியல். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பரப்பு தெரியும், உயரம் தெரியாது. ஒரு குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் வெறும் கால் பங்கு கூடினாலே கொள்ளளவு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பார்வைக்குக் "கொஞ்சம் கூட" இருப்பது கணக்கில் இன்னொரு சாப்பாடு. தட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்க்கச் சொன்னதும், "அட, இது மலையாக இருக்கிறதே" என்று அவரே சொன்னார்.

இன்னொன்றும் தென்பட்டது. 350 கிராம் சோற்றைக் காட்டினால் 250 என்றார்; ஒரு பிடி கொட்டைப் பருப்பு 18 கிராம்தான், அதை 30 என்றார். சிறிய அளவைக் கூட்டியும் பெரிய அளவைக் குறைத்தும் மதிப்பிடுவது இவர் ஒருவரின் வழக்கமல்ல, உணவு மதிப்பீட்டை ஆராய்ந்தவர்கள் பரவலாகக் கண்டதுதான். தட்டு நிறைய நிறையப் பிழையும் வளரும் என்பது ஊசி போடுபவருக்கு ஆபத்தான செய்தி.

இறைச்சிக்கு உள்ளங்கை, எண்ணெய்க்குக் கட்டைவிரல் ஆகியவற்றை நாங்கள் அன்று நோண்டவில்லை. அவை பிசகினால் எடையும் கலோரியும் பிசகும். ஊசியின் அளவு உடனே பிசகாது. இருக்கும் ஒரு மணி நேரத்தை எதில் செலவிடுவது என்பதும் ஒரு முடிவுதான்.

எடுத்த முடிவுகள்

கைக்கணக்கை அடியோடு விட்டுவிடலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஆனால் அதை முதல் அளவாக அல்லாமல் கடைசித் துணையாக வைத்தோம். அட்டையில் இருந்த எண்களை அடித்துவிட்டு அவருடைய கைக்குரிய எண்களை எழுதினோம்: முஷ்டி 240 கிராம் சோறு, 68 கிராம் மாவுச்சத்து. மேலே "இது இவர் கை மட்டும்" என்று பெரிய எழுத்தில் குறித்தேன்.

முதல் அளவாக எதைப் பிடிப்பது? உணவுக்கூடத்தில் தினமும் மாறாமல் இருக்கும் பொருள் எது என்று கேட்டேன். சற்று யோசித்து, "பரிமாறும் கரண்டி" என்றார். அதன் கொள்ளளவு தெரியாது. உணவுக்கூடத்தில் அளக்கக் கருவியும் கிடையாது. ஆனால் அவர் பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. அதன் ஒட்டுச்சீட்டில் 500 மில்லி என்று அச்சிட்டிருக்கிறது. கருவி இல்லை என்று நாம் சொல்லும் இடத்திலும் யாரோ அளந்து அச்சிட்டு வைத்த ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. விடுதிக்குத் திரும்பியதும் காலி பாட்டிலில் கரண்டியால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். நான்கு கரண்டியில் நிரம்பியது. கரண்டிக்கு 125 மில்லி. தலைதட்டினால் சோறு சுமார் 82 கிராம், மாவுச்சத்து 23.

தலைதட்டுவதை வலியுறுத்தினேன். பரிமாறுபவர் குவித்துத்தான் போடுவார். குவித்த கரண்டி எங்கள் மேசையில் ஒன்றரை மடங்கு வரை போனது. கரண்டியின் விளிம்பைப் பாத்திரத்தின் உள்பக்கத்தில் ஒரு முறை இழுத்துவிட்டால் போதும். அமுக்கி எடுக்கவும் கூடாது. அமுக்கினால் அதே கரண்டியில் இன்னும் கொஞ்சம் சோறு ஏறிவிடும். இதைப் பரிமாறுபவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். கடைசியில் தானே போட்டுக்கொள்ள அனுமதி கேட்டுப் பெற்றுவிட்டார்.

பந்துகளோடு ஒப்பிடும் வழக்கத்தையும் அவர் கேட்டார். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. டென்னிஸ் பந்தை அரைக் கோப்பைக்கு அடையாளமாகச் சொல்வதுண்டு. அதன் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் 150 மில்லியைத் தொடுகிறது, அரைக் கோப்பை 120தான். சாப்பாட்டு மேசையில் பந்தை மனத்தில் உருட்டிப் பார்ப்பதைவிடக் கரண்டியை எண்ணுவது எளிது. வங்கி அட்டையை மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கு போனாலும் அது 85.6க்கு 54 மில்லிமீட்டர்தான். தட்டையான உணவுத் துண்டுக்கு நல்ல துணை.

கடைசி முடிவு பயிற்சி. விடுப்பில் மீதமிருந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வேளையும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும், பிறகுதான் எடை. எழுதாமல் மனத்தில் நினைத்தால் தராசைப் பார்த்ததும் நினைத்தது மாறிவிடும். அதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். முதல் வேளை 100 கிராம் தவறினார். ஐந்தாவது வேளையில் 30.

கலவை உணவுகளுக்கு நல்ல வழி கிடைக்கவில்லை. குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு எவ்வளவு, பருப்பு கெட்டியா நீர்த்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அத்தகைய வேளைகளில் இரண்டு மதிப்பீடுகளில் குறைவானதற்கே ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிப்பது என்று மருத்துவர் வகுத்தார். சிறிது ஏறிய சர்க்கரையைப் பிறகு இறக்கலாம். தனி அறையில் இரவில் தாழ்ந்துபோவதை அவர் விரும்பவில்லை.

பின்விளைவு

அடுத்த மூன்று மாதங்களில் மதிய எண்கள் பெரும்பாலும் 140க்கும் 185க்கும் இடையில் இருந்தன. விகிதம் 10க்கு 1 என்றே நீடித்தது. அதாவது அவருடைய இன்சுலினுக்கு எதுவுமே நேர்ந்திருக்கவில்லை. எச்பிஏ1சி 7.4. கலவை உணவு நாள்களில் இருநூறைத் தாண்டியதும் உண்டு. ஒரு முறை 66க்கு இறங்கினார். அதற்குக் காரணம் அளவல்ல. ஊசி போட்டபின் அவசர அழைப்பு வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

இனி மாற்றிக்கொள்பவை

பொதுவான கைப்படத்தை இன்சுலின் போடுபவர்களுக்கு நான் இப்போது கொடுப்பதில்லை. முதலில் தண்ணீர்ப் பாத்திரம், பிறகுதான் அட்டை. வீட்டில் பரிமாறுபவரின் கையையும் அளக்கிறேன். நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தாங்களே செய்துவிடுகிறார்கள். தட்டில் வழிந்ததை அளவு அச்சிட்ட பாட்டிலில் ஊற்றினால் போயிற்று.

மருத்துவரோடு பேசி இன்னொன்றையும் மாற்றினோம். விகிதத்தைத் தொடும் முன், ஒரு வேளைச் சாப்பாட்டையாவது எடை போட்டுப் பார்த்தாக வேண்டும். குறிப்பேட்டில் கிராம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எப்படி அளந்தது" என்று ஒரு கட்டம் சேர்த்தோம்: எடை, எண்ணிக்கை, கரண்டி, கை. அது அன்று இருந்திருந்தால் காலை ரொட்டிக்கு "எண்ணிக்கை" என்றும் மதியச் சோற்றுக்கு "கை" என்றும் இருபது நாள் வரிசையாக நின்றிருக்கும்.

கடைசி மாதத்தில் ஒரு நாள் மதியம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. உணவுக்கூடத்தில் புதுக் கரண்டி போட்டிருக்கிறார்கள், பார்க்கப் பழையதைப் போலவேதான் இருக்கிறது என்றார். சாப்பிட உட்காரும் முன் பாட்டிலை எடுத்து ஊற்றிப் பார்த்திருக்கிறார். மூன்றிலேயே நிரம்பிவிட்டதாம். இருவருமாகத் தொலைபேசியிலேயே கணக்குப் போட்டோம்: தலைதட்டி 110 கிராம் சோறு, மாவுச்சத்து 31. எழுதிக்கொண்டு, ஆறிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார்.